கம்பத்து வேட்டு

பயப்படாதீங்க. துப்பாக்கிதானுங்க.

அட, உக்காருங்க சார். லைசென்ஸ் இருக்குதுங்க, இங்க பாருங்க, சட்டைப் பையிலயே வெச்சிருக்கறேன். கண்டக்டருக்கும் தெரியும். மேல கம்பியில வெக்கச் சொன்னாரு, நாந்தான் மாட்டேன்னுட்டேன். பச்சைக் கொழந்தைய லக்கேஜோட தூக்கிப் போடுவாங்களா? உள்ள தோட்டா இல்லைங்க. தோட்டாங்கறதே எங்கிட்ட இல்லை. கோணியில சுத்தி, அதுக்கு மேல என்ற ஊட்டுக்காரி பழைய போர்வையத் தெச்சு உறை போட்டுக் குடுத்திருக்கறா. கரும்புக் கட்டுன்னு நெனச்சுக்கிட்டுப் புளியம்பட்டியில ஒரு அம்மா வெலை கேட்டுதுங்க.

நீங்க புளியம்பட்டியிலதான ஏறுனீங்க? கோயமுத்தூருக்கா? துணி எடுக்கறதுக்கா? அப்ப அவசரமில்லை. எனக்கும் கோயமுத்தூர்தானுங்க. டிக்கெட் எடுத்தாச்சு.

என்ற பேரு தெய்வசிகாமணி. சத்திக்கு அக்கட்ட ஊஞ்சக்காட்டுப்புதூரு. பால் சொசைட்டியில இருவத்தாறு வருசமா செக்ரட்டரி. பெரியதோட்டத்து ராக்கியண்ணன் மகன்னா எங்க பக்கம் பச்சத்தண்ணி கேட்டாலும் மோரு குடுப்பாங்க. இது அவரு துப்பாக்கி. எங்கய்யனோடது. அய்யன்னா அப்பா. நீங்க எந்தூரு? திருநெல்வேலியா? அதுதான் அப்படிப் பாக்கறீங்க.

மலை மேல எஸ்டேட்டு வெச்சிருந்த ஒரு தொரை, ஊருக்குக் கப்பலேறுறப்ப எங்கய்யனுக்குக் குடுத்துட்டுப் போனதுங்க இது. அய்யன் அவருக்கு மாடு புடிச்சுக் குடுத்திருக்காரு. ரெட்டைக் குழலு. பக்கத் தகட்டுல ஒரு வாத்து பறக்கற மாதிரி செதுக்கியிருக்கும். அத மயில்னு சொல்றவங்களும் உண்டு, நான் சண்டைக்குப் போறதில்லை. எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு அப்பறம் வாங்கிக்கோணும். எங்கய்யன் செத்தப்பக்கூட இது ஊட்டுல இல்லைங்க, ஸ்டேஷன்ல இருந்துது. லைசென்ஸ என்ற பேருக்கு மாத்தறதுக்குப் பத்து மாசம் ஆச்சு.

இத வெச்சுக்கிட்டு அவரு வேட்டைக்கெல்லாம் போனதில்லை. வருசத்துக்கு ஒரே வேட்டு. அத வெளங்கச் சொல்லோணும்னா மொதல்ல கம்பத்தச் சொல்லோணும்.

எங்க மாரியாத்தா கோயில்ல நோம்பிக்கு, நோம்பின்னா திருவிழா, பதினஞ்சு நாளைக்கு முன்னால ஒரு கம்பம் நடுவாங்க. மூணு கெளையா விரிஞ்ச மரம், இடுப்பு ஒசரம் இருக்கும். அதுதான் அம்மனுக்குப் புருசன்னு ஐதீகம். பொம்பளைங்க தெனமும் அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, பொழுதோட ஆம்பளைங்க சுத்தி நின்னு ஆடுவாங்க. கடைசி நாள் காலையில அதப் புடுங்கிக் கொண்டுபோயி கெணத்துல விட்டுருவாங்க. புடுங்கறதுக்கு முன்னால ஒரு துப்பாக்கி வேட்டுப் போடோணும். அது கேட்டாத்தான் பூசாரி கம்பத்துல கை வெப்பாரு. வேட்டுப் போடறவனுக்குத்தான் மொத மரியாதை. பரிவட்டம் கட்டி, அம்மன் கழுத்து மாலையவே எடுத்துப் போடுவாங்க. முப்பத்திநாலு வருசமா அது எங்கய்யனுக்குத்தான்.

அவரு வேட்டுப் போடற அழக நீங்க பாத்திருக்கோணும். உருமாலையக் காதும் சேத்து இறுக்கிக் கட்டுவாரு. கோயிலுக்குப் பொறத்தால ஒரு புளியமரம், அது கிட்டப் போயி ஒண்டியா நிப்பாரு. நாப்பதடிக்குள்ள ஒரு ஈ, காக்கா வரக் கூடாது. கிட்ட வந்தா காது போயிரும்னு தொரத்துவாரு. துப்பாக்கிய வானத்தப் பாத்துத் தூக்கி, எடது கால ஓங்கி ஒரு மிதி. டமார். மரத்துல இருக்கற காக்கா பூராம் பக்கத்தூருக்குப் போயிரும்.

நான் எங்க நின்னு பாத்தேனா? சொசைட்டி சன்னல் வழியாப் பாப்பேனுங்க. அது காலைப் பால் வண்டி வர்ற நேரம், விட்டுட்டு வர முடியாது. வண்டி அன்னிக்கு லேட்டா வந்தாலும் நான் சொசைட்டியிலதான் இருப்பேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

எனக்குப் பயம்னு நெனச்சுக்காதீங்க. பயமெல்லாம் எனக்குக் கெடையாது. தீவாளிக்கு நான் ஊட்டுக்குள்ளயே இருக்கறது பொகை ஆகாதுங்கறதுனால. வெடியெல்லாம் என்ற ஊட்டுக்காரி நாகமணிதான் வெப்பா, அவளுக்கு அதுல ஒரு சந்தோசம், நான் எதுக்குக் குறுக்க போறது? குக்கரு மூணாவது விசில் அடிக்கறப்ப நான் கொல்லைக்குப் போறேன்னு சொல்லிச் சிரிப்பா. காத்து வாங்கப் போறதுங்க அது.

சரி, விசயத்துக்கு வர்றேன். லைசென்ஸ் வந்த மாசம் எனக்குக் கடவாப் பல்லு வலி. கோயமுத்தூருல கோகுல்நாத்துன்னு ஒரு பல் டாக்டர். வாயத் தெறந்து வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம, பல்லப் புடுங்கறதுக்கு முந்தித் துப்பாக்கியப் பத்திச் சொல்லிட்டேன். அந்த மனுசனுக்குப் பழைய துப்பாக்கின்னா கிறுக்கு. மறு ஞாயித்துக்கெழமையே கார் எடுத்துக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்துட்டாரு. பல்லுப் பாக்கற சின்னக் கண்ணாடி இருக்குதுங்களே, குச்சியில வெச்சது, அதயும் ஒரு லைட்டையும் கொண்டாந்து குழலுக்குள்ள விட்டு அரைமணி நேரம் பாத்தாரு. என்ற பல்லக்கூட அவ்வளவு நேரம் பாக்கலை.

பாத்துட்டு, "சார், இது ரெண்டுலயும் வெடிச்ச தடமே இல்லை. பல்லு மொளைக்காத கொழந்தை வாய் மாதிரி இருக்கு"ன்னாரு.

எங்கய்யன் தொடைக்கறதுல கெட்டிக்காரர்னு நான் பெருமையாச் சொன்னேன். அவரு ஒரு மாதிரி என்னயப் பாத்தாரு. அப்பறம்தான் வெவரம் சொன்னாரு. அந்தக் காலத்துல கம்பிய முறுக்கி, காச்சி, சுத்திச் சுத்தி அடிச்சுச் செஞ்ச குழலாம் இது. உத்துப் பாத்தா மேல தண்ணி அலையாட்டம் வரி ஓடும். இன்னிக்குக் கடையில கெடைக்கற தோட்டாவப் போட்டா இது தாங்குனாலும் தாங்கும், பொளந்தாலும் பொளக்கும். பொளந்தா புடிச்சிருக்கற கையும் போயிரும். அப்படியே வெச்சிருந்தா இந்த மாதிரி ஒண்ணு தமிழ்நாட்டுலயே நாலோ அஞ்சோதான். வெடிக்கவே வெடிக்காதீங்கன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

எனக்கு மனசு ரொம்ப லேசாயிருச்சுங்க. துப்பாக்கியோட நல்லதுக்குச் சொல்றேன்.

மறு வாரமே தச்சன வரச் சொல்லிக் கண்ணாடிப் பொட்டி ஒண்ணு செஞ்சேன். உள்ளுக்குச் செவப்பு வெல்வெட்டு. நடுக் கூடத்துல, வாசல்ல நொழைஞ்சதும் தெரியற மாதிரி வெச்சேன். எனக்கு இந்தப் பகட்டெல்லாம் புடிக்காதுங்க. ஆனா வர்றவங்க கேட்டா சொல்லத்தான வேணும்? கேக்காதவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வெப்பேன்.

அப்பறம் நாள் குறிச்சு நோம்பி சாட்டறதுக்கு ஊர்க்கூட்டம் போட்டாங்க. அங்கதான் வெனை. எம்பங்காளி சம்பத்து, எங்க சித்தப்பன் மகன், கோழிப்பண்ணை வெச்சிருக்கறான். பண்ணைக் காவலுக்குன்னு புதுசா ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். பத்தடி தள்ளி நின்னாலும் எண்ணெ வாசம் வரும், அவ்வளவு புதுசு. அவன் எந்திரிச்சு, "அண்ணா, கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கற துப்பாக்கி ஆத்தாளுக்குக் கேக்காதுங்க. உங்களுக்குத் தோதுப்படலைன்னா சொல்லிருங்க, வேட்ட நான் போட்டுக்கறேன்"னான்.

எல்லாரும் என்ற மொகத்தப் பாக்கறாங்க. டாக்டர் சொன்னதச் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். ஆனா நாக்கு எங்க நிக்குது? பெரியதோட்டத்துத் துப்பாக்கி இருக்கறப்ப இன்னொரு துப்பாக்கி வெடிக்கறதா, நாந்தான் போடுவேன்னு சொல்லிட்டேன். பூசாரி செல்லப்பனுக்கு எழுவது வயசுக்கு மேல. அவரு மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, சரி தம்பி, உங்கய்யன் மாதிரியே போட்டுருங்கன்னாரு. அந்த 'மாதிரியே'வ சித்தெ அழுத்திச் சொன்னாருன்னு எனக்கு இப்பத்தான் தோணுது.

ஊட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வருமா? வெடிச்சா குழலு போயிரும், கையும் போயிரும். வெடிக்கலைன்னா மரியாதை சம்பத்துக்குப் போயிரும், அதுக்கப்பறம் நம்ம பக்கம் திரும்பாது. முப்பத்திநாலு வருசத்துது ஒரே காலையில போயிரும். நாகமணி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. "ஏனுங்க, நெசமாவே வெடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"ங்கறா. அப்பறம் அவளே, எதுக்கும் வேட்டுக்கார மாதப்பன ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்கன்னா.

மாதப்பன் எங்க சுத்துப்பட்டுக் கோயிலுக்கெல்லாம் வாணம், வேட்டு செஞ்சு குடுக்கற ஆளு. அவருக்கும் வயசாயிருச்சு. நான் போயித் திண்டாடித் திண்டாடி ஆரம்பிச்சேன். இந்தாங்க மாதப்பண்ணா, துப்பாக்கி பழசு, டாக்டர் வேண்டாம்னுட்டாரு, அதனால நான் துப்பாக்கியத் தூக்கிப் புடிச்சுக்கறேன், நீங்க எங்கியாச்சும் மறைவா இருந்து… அதுக்கு மேல நான் பேச வேண்டியதே இல்லாமப் போச்சு.

"புளியமரத்துக்குப் பொறத்தால குழியிலதானுங்களே? எடது கால ஓங்கித் தட்டுங்க, நான் பத்த வெச்சர்றேன்"னாரு.

எவ்வளவு புத்திசாலி ஆளு பாருங்க, வாயத் தெறக்கறதுக்குள்ள புரிஞ்சுக்கிட்டாரேன்னு நெனச்சேன். போயிப் பாத்தா மரத்துக்குப் பொறத்தால குழி ரெடியா இருக்குது. மொழங்கால் ஆழம். கல்லெல்லாம் கருத்துக் கெடக்குது. யாரோ அடுப்புப் போட்டுச் சமைச்சிருக்கறாங்கன்னு நெனச்சேனுங்க. சிரிக்காதீங்க. உங்கய்யனப் பத்தின்னா நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

நோம்பிக் கடைசி நாள். காலையில எட்டு மணி, நல்ல வெயிலு. நானும் அய்யனாட்டவே உருமாலையக் காதும் சேத்து இறுக்கிக் கட்டுனேன். பம்பை அடிக்குது, பொம்பளைங்க கொடங்கொடமா மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க. இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சதுனால கூட்டமும் சாஸ்தி, தண்ணியும் சாஸ்தி. துப்பாக்கியப் பொட்டியில இருந்து எடுத்து, சந்தனம் குங்குமம் வெச்சு, நடந்து போயி மரத்துக்கிட்ட நின்னேன். நாப்பதடிக்கு எல்லாரயும் வெரட்டுனேன். அந்த நேரம் எனக்கு நெஞ்சு ரண்டு முழம் அகலமாயிருச்சுன்னு நாகமணி சொன்னா.

பூசாரி கையத் தூக்குனாரு. நான் துப்பாக்கியத் தூக்குனேன். எடது கால ஓங்கித் தட்டுனேன்.

ஒண்ணுமில்லை.

மறுக்காத் தட்டுனேன். ஒண்ணுமில்லை. செருப்புச் சத்தந்தான் கேக்குது. மூணாவது தட்டுனேன், நாலாவது தட்டுனேன். தூரத்துல இருந்து பாத்தவங்களுக்குச் சாமி வந்துருச்சுன்னு தோணியிருக்கும். கடைக்கண்ணால குழியப் பாக்கறேன், மாதப்பன் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஊத்துன மஞ்சத்தண்ணி பூராம் சரிவுல ஓடி வந்து குழியில நெறைஞ்சு, வேட்டு மெதக்குதுங்க.

பம்பை நின்னுபோச்சு. ஊரே நின்னுபோச்சு. கையில தூக்கிப் புடிச்சது எறங்கவும் மாட்டேங்குது, வெடிக்கவும் மாட்டேங்குது. சம்பத்து முன்வரிசையில நிக்கறான். இனி அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் போச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

அப்பத்தான் பூசாரி விறுவிறுன்னு எங்கிட்ட வந்து, காதுக்குப் பக்கத்துல, "கீழ எறக்கீறாதீங்க தம்பி. உங்கய்யனுக்கும் ரண்டு வருசம் இப்படித் தண்ணி பூந்துருச்சு. அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் பம்பைக்காரனப் பாத்துக் கையக் காட்டுனாரு. பம்பை ஒரே அடி. அது அடங்கறதுக்குள்ள முன்வரிசையில இருந்து ஒருத்தன் கத்தறான், "வேட்டு ஆச்சு! கம்பத்த எடுங்க!" யாருன்னு நெனைக்கறீங்க? சம்பத்துங்க. எம்பங்காளி சம்பத்து. ஒடனே பொம்பளைங்க கொலவை போட, எல்லாரும் வேட்டு ஆச்சு, வேட்டு ஆச்சுன்னு கத்த, பூசாரி கம்பத்துல கை வெச்சுட்டாரு. எனக்குப் பரிவட்டம் கட்டுனாங்க. மாலை போட்டாங்க. கண்ணுல தண்ணியோட நான் நின்னதப் பாத்து, பக்தின்னு ஒரு கெழவன் சொன்னாரு.

எல்லாம் முடிஞ்சு சம்பத்தப் புடிச்சு, ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு கேட்டேன். "அண்ணா, பெரியப்பா ஒரு நாளும் வெடிச்சதில்லைங்கறது ஊருக்கே தெரியுமேங்கண்ணா. அவரு பேர நான் எப்படிங்க கெடுப்பேன்? நெசமா ஒருக்கா வெடிச்சுப் பாக்கோணும்னுதான் ஆசைப்பட்டேன்"னான். ஊருக்கே தெரியுமாமுங்க. நாகமணிய வந்து கேட்டா, கல்யாணமாகி வந்த வருசமே எங்க அம்மா அவகிட்டச் சொல்லிட்டாங்களாம். இருவத்தொம்பது வருசம் எங்கிட்ட மூச்சு விடலை. எதுக்குடின்னு கேட்டா, உங்களுக்கு அவருமேல அவ்வளவு பெருமை, அதக் கெடுக்கறதுக்கு எனக்கு வாய் வருமாங்கறா.

மாதப்பன்தான் முழுசாச் சொன்னாரு. முன்ன வேட்டுப் போட்டுட்டிருந்த பழைய ஊர்த் தலைவர் செத்தப்பறம் துப்பாக்கி இருந்தது எங்கய்யன்கிட்ட மட்டும்தான். நீதான் வேட்டுப் போடோணும்னு ஊரே கேட்டுது, மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. மொத வருசம் நெசமாலுமே தோட்டாவப் போட்டுக்கிட்டுத்தான் போயி நின்னாராம். வெரலு விசைக்குள்ள போக மாட்டேங்குது. கண்ணு ரண்டயும் மூடிக்கிட்டு நிக்கறாரு. மாதப்பன் அன்னிக்கு வாணம் விடறதுக்காக மரத்துக்குப் பொறத்தால இருந்தவரு, பாவமா இருக்குதேன்னு கையில இருந்த வேட்டப் பத்த வெச்சுட்டாரு. எங்கய்யன் அந்தச் சத்தத்துக்கே கீழ உக்காந்துட்டாராம். அன்னிக்கு வாங்குன பரிவட்டத்தப் பொழுதோட கொண்டுபோயி மாதப்பன் கையில குடுத்திருக்கறாரு. வருசா வருசம் அப்படித்தான் குடுத்திருக்கறாரு. அவரு ஊட்டுல முப்பத்திநாலு பரிவட்டம் இருக்குதுங்க, எண்ணிப் பாத்தேன்.

ரண்டு நாளு பால் கணக்குல தலையக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ஊருல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிஞ்சது பெத்த மகனுக்குத் தெரியலைன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. சொசைட்டிக்கு வர்ற ஒவ்வொரு ஆளயும் பாத்து, இவனும் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பானோன்னு தோணுது. மூணா நாளு பல்லு வெளக்கிட்டு இருக்கறப்பத் திடீர்னு ஒண்ணு தோணுச்சுங்க. சத்தம்னா அந்த மனுசனுக்கு உசுரு போற பயம். அடுத்த வருசம் ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிப் படுத்திருக்கலாம். படுக்கலை. தலப்பாவக் காதும் சேத்துக் கட்டிக்கிட்டு, அந்த வேட்டுக்குப் பத்தடியில, முப்பத்திநாலு வருசம் போயி நின்னிருக்கறாரு. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்? வாயில பேஸ்ட்டு நொரையோட நான் அழுதேன். அழுதுக்கிட்டே சிரிப்பும் வந்துருச்சு. அவர எனக்கு முன்னைக்கு இப்ப ரொம்பப் புடிக்குதுங்க.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி டாக்டருக்குப் போன் போட்டேன். உங்க கண்ணாடி சரியாத்தான் சொல்லியிருக்குது, எங்கய்யன் காலத்துல இது வெடிச்சதே இல்லைன்னேன். அந்தாளு சந்தோசத்துல கத்தறாரு. அந்தத் தொரையும் வெடிச்சிருக்க மாட்டாரு, அப்ப இது கன்னி கழியாத துப்பாக்கி சார், ஒரே ஒருக்கா வெடிச்சாலும் இது நூத்தோட நூத்தியொண்ணாயிரும், அப்படியே விடுங்க, உங்கப்பா உங்களுக்கு வெச்சுட்டுப் போனதே அந்த வெடிக்காத குழலத்தான்னாரு. படிச்ச மனுசன், சொல்றது ஞாயந்தான். நாலு நாளு அத வெல்வெட்டு மேல வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல அழகு. ஆனா பாக்கப் பாக்க, எங்கய்யன் கண்ண மூடிக்கிட்டு நிக்கறதுதான் அதுக்குள்ள தெரியுது. ஒரு மனுசன் பயத்தப் பத்தரமா வெக்கறதுக்குக் கண்ணாடிப் பொட்டி எதுக்குங்க? ஒருக்கா வெடிச்சுரோணும். அவருக்காக. அவரால முடியாதத மகன் செஞ்சுட்டான்னு இருக்கட்டும்.

கோயமுத்தூருல உக்கடத்துக்குப் பக்கத்துல யாக்கோபு மேஸ்திரின்னு ஒருத்தரு, துப்பாக்கி ரிப்பேர் பாக்கறதுல பெரிய கை. அவருகிட்டத்தான் போறேன். பழைய குழலுக்குத் தகுந்த மாதிரி மருந்து கம்மியாப் போட்டு அவரே தோட்டா அடைச்சுக் குடுக்கறாராம். ஒரு கல்குழி இருக்குதாம், அங்க மொத வேட்ட டயருக்குள்ள துப்பாக்கியக் கட்டி வெச்சு, தள்ளி நின்னு கயித்துல இழுத்துப் பாப்பாராம். பொளந்துருச்சுன்னா அவ்வளவுதான், துண்ட எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வர வேண்டியதுதான். எங்கய்யனோடது இருந்த இடம் தெரியாமப் போயிரும், அந்த டாக்டர் என்ற மொகத்துலயே முழிக்க மாட்டாரு. பொளக்கலைன்னா ரண்டாவது வேட்ட நான் தோள்ல வெச்சுப் போடோணும். நல்லாத் தாங்குச்சுன்னா வர்ற நோம்பிக்கு மாதப்பன் குழியில எறங்க வேண்டியதில்லை. பரிவட்டத்த மட்டும் நான் கொண்டுபோயிக் குடுத்துருவேன்.

நாகமணியக் கூட வரச் சொன்னேன். நான் வந்தா, எனக்குத் தலைவலிங்கறதச் சாக்கா வெச்சுத் திரும்பிருவீங்க, ஒண்டியாப் போங்கன்னுட்டா.

எனக்கென்ன பயமுங்க? போன வியாழக்கெழமையே இதே பஸ்ஸுல கெளம்புனேன். அன்னூர்ல பஸ்ஸு நிக்கறப்ப டீ குடிக்கலாம்னு எறங்குனேன். டீ நல்லாருந்துது, பஸ்ஸு போயிருச்சு. எதுத்தாப்புல சத்தி பஸ்ஸு வந்து நின்னுது. வந்து நிக்கற பஸ்ஸுல ஏறாம இருக்க முடியுமா? அதுக்கு முந்துன வியாழக்கெழமயும் அன்னூர்லதான் எறங்குனேன். அன்னிக்கு வயித்தக் கலக்கிருச்சு. ரண்டு வாட்டியும் டிக்கெட் கோயமுத்தூருக்குத்தானுங்க எடுத்தேன், வேணும்னா கண்டக்டரக் கேளுங்க. அதோ பாருங்க, அவரு என்னயப் பாத்துச் சிரிக்கறாரு. வாரம் தவறாமப் பாக்கற மொகமில்லீங்களா.

அன்னூரு வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயுமா? பேச்சுல தெரியலைங்க.

சார், ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க எந்திரிச்சு இந்த ஓரத்துக்கு வந்துருங்க, நான் சன்னல் பக்கம் போயிக்கறேன். ஆங், அப்படித்தான். காலச் சித்தெ நீட்டி வெச்சுக்கங்க, ஒரு ஆளு தாண்டிப் போக முடியாத மாதிரி. நான் டீ கேட்டாலும் விடாதீங்க. வயித்தக் கலக்குதுன்னு சொன்னாலும் நம்பாதீங்க. கோயமுத்தூருல எறங்கறப்பக் கையப் புடிச்சு எறக்கி விட்டுருங்க, அதுக்கு மேல நான் பாத்துக்கறேன்.

இல்லைங்க கண்டக்டர், நான் எறங்கலைங்க. கோயமுத்தூருங்க. நெசமாத்தானுங்க.

சார், நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கறேன். பஸ்ஸு நகந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க.